சோளக்கொல்லை வழியே ஸ்பானிஷ்

ஸ்பானிஷ் கற்கக் கிளம்பும் வெளிநாட்டவரில் கணிசமானோர் ஸ்பெயினை விட்டுவிட்டு குவாத்தமாலாவுக்குப் போகிறார்கள். மெக்ஸிகோவுக்குத் தெற்கே, ஒரு பக்கம் பசிபிக் பெருங்கடலும் மறுபக்கம் கரீபியக் கடலும் தொடும் மலைநாடு அது. பரப்பளவில் தமிழ்நாட்டைவிடச் சிறியது. செலவு குறைவு என்பது ஒரு காரணம். ஓர் ஆசிரியருக்கு ஒரே மாணவர் என்ற முறை அங்கே வேரூன்றிவிட்டது என்பது இன்னொரு காரணம். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் 4 அல்லது 5 மணி நேரம் ஆசிரியரும் மாணவரும் சிறிய மேசை ஒன்றின் இருபுறமும் உட்கார்ந்து பேசுகிறார்கள். மாணவர் உள்ளூர்க் குடும்பம் ஒன்றில் தங்கி அவர்களோடு சாப்பிடுகிறார். மதியத்துக்கு மேல் சந்தை, எரிமலை, வெந்நீர் ஊற்று, காப்பித் தோட்டம் என்று பள்ளியே அழைத்துப் போகிறது. இத்தனைக்கும் அந்த நாட்டு மக்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் மாயா இனத்தவர் என்கிறது 2018 கணக்கெடுப்பு. கிச்சே, மாம், கக்சிகேல், கெக்சி என்று 22 மாயா மொழிகள் அங்கே வழங்குகின்றன. கரிஃபுனாவும் ஷின்காவும் அவற்றுக்கு வெளியே. ஆட்சிமொழி மட்டும் ஸ்பானிஷ் ஒன்றுதான்.

பலருடைய தாய்மொழி ஸ்பானிஷ் அல்லாத மண்ணில் போய் ஸ்பானிஷ் கற்பது முறையா, பயன்படுமா என்ற கேள்வி நியாயமானது. பயன்படும், முறையாகவும் அமையலாம் என்பதே என் கட்சி. காலை வகுப்பில் கற்ற இலக்கணம் நாக்குக்கு இறங்குவது ஊர்க்காரர் ஒருவரோடு அவருடைய நிலத்தில், அவருடைய வேலையின் ஊடே நடக்கும்போதுதான். அந்த நடையை ஏற்பாடு செய்வதும், வழியை முடிவு செய்வதும், அதில் வரும் காசைக் கையாள்வதும் ஊர்க்காரராகவே இருந்தால்தான் அது நடக்கும். இந்த நிபந்தனை நீதிக்காக மட்டும் சொல்லப்படுவதில்லை. மொழி நன்றாக வருவதற்கும் அதுவே தேவை என்பதற்கு குவாத்தமாலாவின் ஒவ்வொரு மூலையிலும் சான்று கிடைக்கிறது.

ஆண்டிகுவாவில் தொடங்கலாம். ஸ்பானியர் ஆட்சியில் மத்திய அமெரிக்காவின் பெரும்பகுதிக்கும் தலைநகராக இருந்த ஊர்; 1773 நிலநடுக்கத்தில் இடிந்தபின் தலைநகரம் வேறிடம் போனது. இடிந்த தேவாலயங்களும் கல் பாவிய தெருக்களும் மூன்று எரிமலைகளின் நிழலும் அப்படியே நின்றுவிட்டன. 1969-ல் இங்கே பிரான்சிஸ்கோ மர்ரோகின் மொழித் திட்டம் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. மாயா மொழிகளை ஆராய்வதும், அவற்றைத் தாய்மொழியாகப் பேசுவோரையே மொழியியலில் பயிற்றுவிப்பதும் அதன் நோக்கம். அதற்குப் பணம் வேண்டுமே! வெளிநாட்டவருக்கு ஒருவருக்கொருவர் முறையில் ஸ்பானிஷ் கற்பித்து, அந்த வருமானத்தை மாயா மொழிப் பணிக்குத் திருப்பினார்கள். அகராதிகளும் இலக்கணங்களும் அப்படி உருவாயின. ஸ்பானிஷ் வகுப்பு மாயா மொழிகளை விழுங்கும் என்று அஞ்சுவோர் இந்த வரலாற்றை அறிந்திருக்க வேண்டும். ஒரு மொழியின் சந்தை மதிப்பை இன்னொரு மொழியின் வாழ்வுக்கு உரமாக்க முடியும் என்று அரை நூற்றாண்டுக்கு முன்பே செய்துகாட்டியிருக்கிறார்கள்.

இன்றைய ஆண்டிகுவாவில் ஒரு சங்கடம் இருக்கிறது. விடுதியிலும் காப்பிக் கடையிலும் பயண முகவரிடமும் ஆங்கிலம் பேசியே காலம் தள்ளிவிடலாம். பக்கத்தில் 3,976 மீட்டர் உயர அகாத்தெனாங்கோ நிற்கிறது. இரவு அதன் தோளில் கூடாரத்தில் தங்கி, எதிரே ஃபுவேகோ எரிமலை நெருப்பைக் கக்குவதைப் பார்ப்பது புகழ்பெற்ற பயணம். காணவேண்டிய காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் பல நாட்டு இளைஞர்கள் இருபது பேர் ஒன்றாக ஏறினால் வழியெல்லாம் நடப்பது ஆங்கிலப் பேச்சு. முன்னால் போகும் வழிகாட்டியின் ஸ்பானிஷ், ‘இன்னும் பத்து நிமிடம்’ என்பதோடு முடிந்துவிடும். இயற்கைச் சுற்றுலா மொழி கற்பிக்காது என்று சொல்வோர் இதைத்தான் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கண்டது உண்மை. அதற்குக் காரணம் மலை என்று நினைத்ததுதான் பிழை. கூட்டம்தான் காரணம்.

மொழியியல் ஆய்வுகள் இதில் என்ன சொல்கின்றன என்று பார்ப்பது அவசியம். ‘அந்த நாட்டில் போய் இருந்தால் மொழி தானாக வரும்’ என்ற நம்பிக்கை எங்கும் பரவியிருக்கிறது. அது பாதிதான் சரி. ரிச்சர்ட் ஷ்மிட் என்ற ஆய்வாளர், ஹவாயில் குடியேறிய ஜப்பானிய ஓவியர் ஒருவரின் ஆங்கிலத்தை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கவனித்து 1983-ல் எழுதினார். கட்டுரையில் அவர் பெயர் வெஸ். ஆங்கிலம் பேசுவோரோடு கலகலப்பாகப் பழகியவர். தன் கருத்தை எப்படியாவது புரியவைத்துவிடுவார். பேச்சுத் திறன் வளர்ந்தது. இலக்கணம் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நின்றது. கனடாவில் பிரெஞ்சு வழியில் பல ஆண்டு படித்த ஆங்கிலக் குழந்தைகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெயின் 1985-ல் சொன்னது இன்னொரு பக்கம்: கேட்டுப் புரிந்துகொள்வதில் அந்தக் குழந்தைகள் பிரெஞ்சுக் குழந்தைகளுக்கு நெருங்கி வந்தார்கள், பேச்சில் பின்தங்கினார்கள். முழு வாக்கியமாகப் பேசித் தீரவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு வகுப்பில் வரவில்லை. அமெரிக்க மாணவர்களில் ஒரு பகுதியினர் ஸ்பெயினின் அலிகாந்தேயிலும் மற்றவர் சொந்த ஊரிலும் ஸ்பானிஷ் படித்ததை ஒப்பிட்ட ஆய்வுகள் 2004-ல் வெளிவந்தன. வெளிநாடு போனவர்களுக்குப் பேச்சின் சரளமும் கதை சொல்லும் திறனும் கூடின. இலக்கணத்தில் ஊரில் இருந்தவர்களே சற்று முன்னால் நின்றார்கள். போன இடத்தில் குடும்பத்தோடு தங்கினாலே போதும் என்பதற்கும் உறுதியில்லை. காலை வணக்கம், சாப்பாடு நன்றாக இருந்தது, நாளை எத்தனை மணிக்குக் கிளம்புவாய் என்ற அளவிலேயே வீட்டுப் பேச்சு தேங்கிவிடுவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் தேவை என்னவென்று தெரிகிறது. தவறைச் சுட்டிக்காட்ட ஓர் ஆசிரியர் வேண்டும். அதற்குமேல், மேசை உபசாரத்தைத் தாண்டி நீளமாகப் பேசியே ஆகவேண்டிய சூழல் வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யும்போதோ ஒரு வழியைக் கடக்கும்போதோ அந்தச் சூழல் தானாக அமைகிறது. பேச்சுக்குப் பொருள் தேட வேண்டியதில்லை. அது காலடியில் கிடக்கிறது. புரியாவிட்டால் கை நீட்டிக் காட்டலாம். மௌனமும் சங்கடமாக இருக்காது.

மேற்கு மலைநாட்டில் 2,330 மீட்டர் உயரத்தில் இருக்கும் கெட்சால்தெனாங்கோவில் இது நன்றாக விளங்கும். ஊர்க்காரர் வாயில் அந்த ஊர் ஷேலா. நாட்டின் இரண்டாவது நகரம் என்ற பெயர் பெற்றாலும் ஆண்டிகுவா அளவுக்குச் சுற்றுலாக் கூட்டம் இல்லை. கடைக்காரர் ஆங்கிலத்துக்கு மாறமாட்டார். நகருக்குத் தெற்கே சாந்தா மரியா எரிமலை, 3,772 மீட்டர். 1902 அக்டோபரில் அது வெடித்தது 20-ஆம் நூற்றாண்டின் மிகப்பெரிய வெடிப்புகளில் ஒன்று, ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். 1922 முதல் அதன் பக்கவாட்டில் சாந்தியாகித்தோ என்ற புது முகடு வளர்ந்து இன்றும் புகைகிறது. இந்த மலைப்பாதையில் ஓர் உள்ளூர் வழிகாட்டியும் இரண்டு மாணவர்களும் நடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் கேட்பதெல்லாம் ஏவல்: இங்கே கால் வையுங்கள், அந்தக் கல்லைப் பிடிக்காதீர்கள், குனியுங்கள், மெதுவாக. ஸ்பானிஷில் ஏவலுக்கென்று தனி வினைவடிவங்கள் உண்டு. பயிற்சிப் புத்தகத்தில் மாணவரைத் திணறடிக்கும் பகுதி அது. சரிவில் ஒரு நாள் ஏறி இறங்கினால், பொருளோடும் உடம்போடும் சேர்ந்து அந்த வடிவங்கள் பதிந்துவிடும்.

அடுத்தது கதை. வழிகாட்டிகள் கதை சொல்லாமல் நடப்பதில்லை. இந்தச் சரிவில் முன்பு தாத்தா சோளம் விதைப்பார், விறகு சுமப்பார், விழாவுக்கு இந்த வழியாகத்தான் ஊரே போகும். ஒருநாள் சாம்பல் பொழிந்தது, எல்லாரும் கீழே ஓடினார்கள். வழக்கமாக நடந்துவந்ததற்கு ஓர் இறந்தகாலம், ஒருமுறை நடந்து முடிந்ததற்கு இன்னொன்று என்று ஸ்பானிஷ் பிரித்து வைத்திருக்கிறது. ஆங்கிலம் பேசுவோருக்கு இது பெரிய தடை. தமிழருக்கு இதில் ஒரு வசதி உண்டு. ‘தாத்தா விதைப்பார்’ என்று வழக்கத்தையும் ‘அன்று ஓடினார்’ என்று நிகழ்ச்சியையும் நாம் வேறு வேறு வினைமுற்றில் சொல்லிப் பழகியவர்கள். காலை வகுப்பில் அட்டவணையாக நிற்கும் இந்த வேறுபாடு, சாம்பல் மண்ணில் நின்று கதை கேட்கும்போது தேவையாக மாறுகிறது. கேள்வி கேட்க வேண்டும்: அப்போது எங்கே இருந்தீர்கள், என்ன செய்துகொண்டிருந்தீர்கள், பிறகு என்ன ஆயிற்று? ஒரு கேள்விக்குள் இரண்டு காலமும் வந்துவிடுகின்றன. அலிகாந்தே மாணவர்களுக்குக் கதை சொல்லும் திறன் கூடியது என்ற முடிவு இங்கே நினைவுக்கு வருகிறது.

வீட்டு அடுப்பங்கரையையும் வெளிப்பயணத்தின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும். நிலம் அங்கேதான் வந்து முடிகிறது. மலைநாட்டு மில்ப்பா என்பது மக்காச்சோளத்தோடு பீன்ஸும் பூசணியும் ஊடுபயிராக ஏறும் கொல்லை. அந்தச் சோளத்தை முதல் நாள் மாலையே சுண்ணாம்பு கரைத்த நீரில் வேகவைத்து இரவெல்லாம் ஊறவிடுவார்கள். விடியலில் கழுவினால் தோல் வழுக்கிக்கொண்டு வரும், நீர் மஞ்சளாக ஓடும். பிளாஸ்டிக் வாளியில் அள்ளிக்கொண்டு தெருமுனை மாவு அரவை மில்லுக்குப் பெண்கள் வரிசையாகப் போவார்கள். வீட்டில் அந்த மாவை மறுபடி அம்மிக்கல்லில் இழைத்து, எலுமிச்சை அளவு உருட்டி, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே சுழற்றித் தட்டுவார்கள். தோர்த்தியா என்ற இந்தச் சோள ரொட்டி மெக்ஸிகோவில் உள்ளதைவிடச் சிறியது, தடிமன் கூடியது. புதிதாக வந்தவர் தட்டினால் ஓரம் பிய்யும். வீட்டுப் பெண்மணி கையை நிறுத்தாமல் சொல்லிக்கொடுப்பார்: விரல்களைச் சேருங்கள், கையை நனைத்துக்கொள்ளுங்கள், அழுத்தாதீர்கள், சுற்றுங்கள். இதைக் கேட்டுச் செய்தவர்களுக்கு அந்த வினைச்சொற்களை மனப்பாடம் செய்யும் வேலை இல்லை. சாப்பாட்டு மேசையில் வராத பேச்சு அடுப்பருகே வருகிறது. மகன் வடக்கே அமெரிக்காவுக்குப் போனது, உர விலை, மழை பிந்தியது எல்லாம் மாவு தட்டும்போதுதான் வெளிவரும்.

ஷேலாவிலிருந்து பசிபிக் பக்கம் இறங்கினால் கொலோம்பா வட்டாரத்தில் காப்பித் தோட்டங்கள். ஷேலாவில் 1988 முதல் நடக்கும் ஒரு கூட்டுறவுப் பள்ளி, 1997-ல் இங்கே மலைப்பள்ளி என்ற கிளையைத் தொடங்கியது. பக்கத்துக் குடியிருப்புகளில் இருப்பவர்கள் தோட்டக் கூலி பாக்கிக்காகப் போராடி, வேலையும் இருப்பிடமும் இழந்து, பிறகு ஒன்றுசேர்ந்து நிலம் பெற்று வீடு கட்டியவர்கள். மாணவர் பள்ளியில் தூங்கி, சாப்பாட்டுக்கு மட்டும் அந்த வீடுகளுக்குப் போகிறார். வீடுகளில் இடம் குறைவு என்பதால் குடும்பத்தை நெருக்காமல் வருமானம் தரும் ஏற்பாடு. இப்படி ஒரு சின்ன முடிவில்கூட, யார் கையில் பொறுப்பு இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அறுவடைக் காலத்தில் காப்பி பறிக்கக் கூடவே போகலாம். இடுப்பில் கூடை கட்டி, சிவந்த பழத்தை மட்டும் காம்பு கிழியாமல் திருகி எடுக்க வேண்டும். காம்பை முறித்தால் அடுத்த பூவுக்குக் கேடு. நூறு ராத்தல் எடைக்கு இவ்வளவு என்று கூலி. முழு நாள் பறித்தும் கூடை எவ்வளவு குறைவாக நிறைகிறது என்று பார்த்தபின் மாணவர் கேட்கும் கேள்விகள் வேறு தரத்தவை: எவ்வளவு கொடுப்பார்கள், கொடுக்காவிட்டால் என்ன செய்வீர்கள், அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்? ஸ்பானிஷின் நிபந்தனை வாக்கியங்களும் ஐயவினைகளும் இங்கே பிழைப்பின் மொழியாக வருகின்றன.

இனி தடைகளைப் பார்க்கலாம். முதலாவது, அங்கே கற்பது நல்ல ஸ்பானிஷா என்பது. ஸ்பெயினில் கற்றால்தான் சுத்தம் என்ற எண்ணம் நம்மவரிடமும் உண்டு. ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறத்தாழ 50 கோடி; ஸ்பெயினின் மக்கள்தொகை 5 கோடிக்கும் குறைவு. பத்தில் ஒருவர் பேசுவது மட்டும் அசல் என்று எந்த அளவுகோலில் சொல்வது? குவாத்தமாலாக்காரரான மிகேல் ஆங்கெல் அஸ்தூரியாஸ் 1967-ல் இலக்கிய நோபல் பெற்றார். நண்பர்களுக்குள் அவர்கள் பேசும் ‘வோஸ்’ என்ற முன்னிலை பாடநூல்களில் குறைவாகவே வரும், உண்மைதான். ஒரு வாரத்தில் பழகிவிடும். மலைநாட்டில் பெரியவரிடமும் புதியவரிடமும் ‘உஸ்தெத்’ என்ற மரியாதை வடிவம்தான் பெருவழக்கு. ‘நீ’, ‘நீங்கள்’ வேறுபாட்டில் வளர்ந்தவர்களுக்கு அது எப்போது வேண்டும் என்று யாரும் கற்பிக்க வேண்டாம்.

இரண்டாவது தடை கனமானது. வீட்டாரின் தாய்மொழி கிச்சே அல்லது மாம் என்றால் அவர்களிடம் ஸ்பானிஷ் கற்பது எப்படிப் பொருந்தும்? 1992-ல் அமைதி நோபல் பெற்ற ரிகொபெர்த்தா மெஞ்சூ ஏறத்தாழ இருபது வயதில்தான் ஸ்பானிஷ் கற்றதாகத் தன் வாழ்க்கைக் கதையில் சொல்கிறார். கிச்சே பேசும் அவருக்கு, வேறு மாயா மொழி பேசும் தொழிலாளரோடு சேர்ந்து போராட ஒரு பொதுமொழி தேவைப்பட்டது. மலைநாட்டில் ஸ்பானிஷுக்கு இந்தப் பயன் இன்றும் உண்டு. மாம் பேசுபவரும் கிச்சே பேசுபவரும் சந்தையில் அதில்தான் பேரம் பேசுகிறார்கள். தானே வளர்ந்தபின் கற்ற ஒருவருக்கு, கற்பவர் எங்கே தடுக்கி விழுவார் என்பது தெரியும். நிறுத்திப் பேசுவார், வேறு சொல்லில் திருப்பிச் சொல்வார், சிரிக்கமாட்டார். அவருடைய ஸ்பானிஷில் பாலும் எண்ணும் சில இடங்களில் பிசகலாம். அதைத் திருத்தத்தான் காலை வகுப்பு இருக்கிறது. இரண்டும் சேர்ந்த ஏற்பாட்டைத்தான் நான் ஆதரிக்கிறேன். ஆசிரியர் இல்லாமல் வீட்டிலும் காட்டிலும் மட்டும் கற்கப் போகிறவர் வெஸ் போன இடத்துக்குத்தான் போவார்.

மூன்றாவது தடை அறம் சார்ந்தது. எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் அதுவே. ஸ்பானிஷ் அந்த மண்ணில் வென்றவர்களின் மொழி. 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் 2 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் மாயா மக்கள் என்று 1999-ல் உண்மை அறியும் ஆணையம் எழுதியது. அதே ஆண்டு பழங்குடி மொழிகளுக்கு அரசியல் சட்ட ஏற்பு தரும் திருத்தங்கள் பொதுவாக்கெடுப்பில் தோற்றன. 2003-ல்தான் தேசிய மொழிகள் சட்டம் வந்தது. இவ்வளவு வலியின் மேல் நின்று வெளிநாட்டவர் மகிழ்ச்சியாக ஸ்பானிஷ் கற்பது சரியா? வடக்கே பெத்தேன் வட்டாரத்தின் ஏரிக்கரையில் சான் ஹோசே என்ற ஊர் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. இத்சா மாயா மக்களின் ஊர் அது. ஸ்பானியருக்கு 1697 வரை அடிபணியாத கடைசி மாயா அரசு அவர்களுடையது. 1930-களில் பள்ளியில் இத்சா பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். பெற்றோர் பயந்து மொழியைக் கைவிட்டார்கள். இன்று அதைச் சரளமாகப் பேசுவோர் விரல்விட்டு எண்ணக்கூடிய முதியவர்களே. 1997-ல் ஹோஃப்லிங் என்ற மொழியியலாளரும் சான் ஹோசே ஊரவரான பெலிக்ஸ் பெர்னாந்தோ தெசுகுனும் சேர்ந்து அதற்கு அகராதி கொண்டுவந்தார்கள். ஊர்மக்கள் பியோ-இத்சா என்ற சங்கம் அமைத்து 3,600 ஹெக்டேர் காட்டைக் காக்கிறார்கள். ஸ்பானிஷ் பள்ளியும் நடத்துகிறார்கள். பள்ளி வருமானம் காட்டுக்கும் மூலிகைத் தோட்டத்துக்கும் மொழிக்கும் போகிறது. பறிகொடுத்தவர்கள், பறித்த மொழியையே விற்றுத் தங்களுடையதைக் காக்கிறார்கள். வெளியே நிற்கும் நமக்கு அதைத் தூய்மைவாதம் பேசித் தடுப்பதற்கு எந்த உரிமையும் இல்லை.

பெத்தேன் காட்டு நடை தனி வகை. சப்போட்டா மரம் நம் ஊர்த் தோட்டங்களுக்கு வந்தது இந்த நிலப்பகுதியிலிருந்துதான். சூயிங்கத்தின் ஆதிப் பொருளான சிக்லே அந்த மரத்தின் பால். மழைக்காலத்தில் சிக்லே எடுப்பவர் காலில் இரும்பு முள் கட்டி, இடுப்பையும் மரத்தையும் கயிறால் வளைத்து ஏறி, பட்டையில் வெட்டரிவாளால் கீழிருந்து மேலாகக் கோணல் மாணலாகக் கீறுவார். பால் கீறல் வழியே வழிந்து அடியில் கட்டிய பையில் சேரும். பிறகு அண்டாவில் கிளறிக் காய்ச்சி, கட்டியாக வார்ப்பார்கள். செயற்கைப் பசை வந்தபின் அந்தத் தொழில் சுருங்கியது. கீறல் தழும்போடு நிற்கும் மரங்கள் காடெங்கும் உண்டு. சிக்லே முகாமாகத் தோன்றிய கார்மெலீத்தா என்ற ஊருக்கு 1997-ல் காட்டைப் பராமரித்துப் பயன்படுத்தும் உரிமையை அரசு 25 ஆண்டு ஒப்பந்தத்தில் கொடுத்தது. 2000-ல் உவாஷாக்துன் என்ற ஊருக்கும் கொடுத்தது. இத்தகைய சமூகக் காடுகளில் மரம் பெரும்பாலும் நின்றது. இவை இருக்கும் மாயா உயிர்க்கோளக் காப்பகத்திலேயே லகுனா தெல் தீக்ரே தேசியப் பூங்கா பெருமளவு அழிந்தது. கார்மெலீத்தாக்காரர்களே எல் மிரதோர் என்ற பழைய மாயா நகருக்கு வழிநடத்துகிறார்கள். போய்வர ஐந்து நாள். வழிகாட்டி, சமையல்காரர், கோவேறுக் கழுதைக்காரர் மூவருக்கும் தாய்மொழி ஸ்பானிஷ். ஐந்து நாள் காட்டில் கைபேசி எடுக்காது, ஆங்கிலத்துக்கு ஓட இடமில்லை. தன் காடு என்று நடப்பவர் பேசுவதற்கும், கூலிக்கு வந்த முகவர் ஒப்பிப்பதற்கும் உள்ள வேறுபாடு முதல் இரவு அடுப்பருகிலேயே தெரியும். முன்னவரிடம் சொல்லத் தீராத விஷயம் இருக்கிறது. மொழி கற்பவருக்குத் தேவை அதுதான்.

எதிர்ச்சான்றும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அத்தித்லான் ஏரிக்கரையில் சுதுஹில் மக்களின் சான் பெத்ரோ லா லகுனா ஸ்பானிஷ் பள்ளிகளால் நிறைந்த ஊர். மூன்று எரிமலைகள் சூழ்ந்த ஏரி, மலிவான அறை, நல்ல ஆசிரியர்கள் எல்லாம் உண்டு. ஆனால் வெளிநாட்டவர் மதுக்கடைகள் பெருகிய தெருக்களில் ஸ்பானிஷ் கற்க வந்தவர் தம்மைப் போன்றவரோடே மாலையைக் கழித்துவிட்டுப் போகிறார். ஏரியும் வெளியாரின் விருப்பத்துக்கு விலை கொடுத்திருக்கிறது. 1958-ல் விளையாட்டு மீன்பிடிப்பால் சுற்றுலாவை வளர்க்கலாம் என்று அமெரிக்க பாஸ் மீன்களை அதில் விட்டார்கள். அவை உள்ளூர் மீனையும் நண்டையும் தின்றன. உலகில் வேறெங்கும் இல்லாத அத்தித்லான் முக்குளிப்பான் என்ற பறவை குறைந்துகொண்டே வந்து 1990 வாக்கில் அற்றுப்போனது. 2009-ல் கழிவுநீராலும் உரத்தாலும் ஏரியின் பெரும்பரப்பைப் பாசி மூடியது. பக்கத்து ஊரான சான் ஹுவானில் பெண்கள் கூட்டுறவாகச் சேர்ந்து செடிகொடிகளிலிருந்து சாயம் எடுத்து முதுகுத் தறியில் நெய்கிறார்கள். அங்கே ஒரு பிற்பகல் உட்கார்ந்தால் சான் பெத்ரோ மாலைகள் பலவற்றைவிட அதிக ஸ்பானிஷ் காதில் விழும். ஒரே ஏரி, நடந்தே போகும் தூரம், நேர்மாறான பலன்.

சமூகத்தின் கையில் இருந்தால் பயணி எல்லை மதிக்கவும் கற்கிறார். சான் மார்த்தின் சகாத்தெபெக்கெஸ் ஊருக்கு மேலே 2,712 மீட்டரில் சிக்காபால் எரிமலையின் வாய்க்குள் ஓர் ஏரி இருக்கிறது. மாம் மக்களுக்குப் புனிதமானது. கரையில் மலர்களும் எரிந்த ‘கோபால்’ என்ற மரப்பிசினின் கரியும் கிடக்கும். அதில் குளிக்க அனுமதி இல்லை. சடங்கு நடக்கும்போது தள்ளி நிற்க வேண்டும், படம் எடுக்கக் கேட்க வேண்டும். அனுமதி கேட்பது, மறுப்பை ஏற்பது, நன்றி சொல்லி விலகுவது ஆகியவை எந்த மொழியிலும் கடினமான பேச்சுகள். இங்கே அவை நாள்தோறும் தேவைப்படுகின்றன.

எத்தனை நாளில் வரும் என்பதில் பொய்யான நம்பிக்கை தரக்கூடாது. அமெரிக்க வெளியுறவுப் பணியாளருக்கான பயிற்சி நிறுவனம், ஸ்பானிஷில் அலுவல் தரம் எட்ட 600 வகுப்பு மணி நேரத்துக்கும் மேல் வேண்டும் என்று கணக்கிடுகிறது. வாரம் 25 மணி நேரம் என்றால் நான்கு வாரத்தில் 100 மணி நேரம்தான் ஆகிறது. வெளியே நடக்கும் பேச்சு அதைக் கூட்டும், மாற்றாக நிற்காது. தமிழ்நாட்டிலிருந்து போகும் செலவும் சிறியதல்ல. ஆகவே அடிப்படையை ஊரிலேயே முடித்துக்கொண்டு போவது புத்திசாலித்தனம். நிகழ்கால வினைகளும் ஐந்நூறு சொற்களும் கையில் இருந்தால், முதல் வாரமே கதை கேட்கத் தொடங்கலாம்.

போகிறவர்கள் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் முன் மூன்று கேள்விகளை எழுதிக் கேளுங்கள்: பள்ளி யாருக்குச் சொந்தம், கட்டணத்தில் ஆசிரியருக்கும் வீட்டாருக்கும் எவ்வளவு போகிறது, வெளிப்பயணத்தில் கூட வருவது எந்த ஊர் ஆள்? தெளிவான பதில் தராத இடத்தை விட்டுவிடுங்கள். தருகிற இடத்தில் சேர்ந்து, மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம் என்பதால் நல்ல மழைக்கோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் பெய்யும்.